ஒரே சட்டை, நாற்பது பெயர்கள்

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், ஒரு விளம்பர நிறுவனத்தின் கண்ணாடி ஜன்னலில் சில ஆண்டுகள் ஒரு விளையாட்டுச் சட்டை நின்றுகொண்டிருந்தது. எண் 2. முதுகில் 'கவுச்' என்ற பெயர். அதற்குக் கீழே இன்னொரு பெயர் ஒட்டப்பட்டிருந்தது. அதற்கும் கீழே இன்னொன்று. இப்படியே ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெயர்கள் முதுகை நிறைத்தன. கிளீவ்லாந்து பிரவுன்ஸ் என்ற கால்பந்து அணி 1999-இல் மறுபிறவி எடுத்தபின் அதன் குவார்ட்டர்பேக்காக ஆட்டத்தைத் தொடங்கியவர்களின் பட்டியல் அது. சட்டையை ஒருநாள் எடுத்துவிட்டார்கள். பட்டியல் நிற்கவில்லை. 2025 முடிவதற்குள் அது 40 பேரைத் தாண்டிவிட்டது.

இதே என்.எஃப்.எல். லீகில் கிரீன் பே பேக்கர்ஸ் என்று ஓர் அணி இருக்கிறது. 1992-இலிருந்து 2022 வரை 30 ஆண்டுகள். காயத்தின்போது வந்துபோன மாற்று ஆட்டக்காரர்களை விட்டுவிட்டால், அங்கே அந்த இடத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர்: பிரெட் ஃபாவ், ஆரன் ராட்ஜர்ஸ்.

ஒரே லீக், ஒரே விதிகள், ஒரே சம்பள வரம்பு. ஒரு அணிக்கு இரண்டு பேர் போதுமாக இருந்தது, இன்னொன்றுக்கு நாற்பது பேர் போதவில்லை. ஏன்? இந்தக் கேள்வியோடுதான் பிரவுன்ஸ் அணியின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். விளையாட்டைப் பற்றிப் படிப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளில் அது, ஒரு நிறுவனம் மனிதர்களை எப்படித் தேடுகிறது, கிடைத்தவர்களை என்ன செய்கிறது என்பதைப் பற்றிய வரலாறாக மாறிவிட்டது.

*

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். பேர்தான் கால்பந்து, காலுக்கு அதில் பெரிய வேலை கிடையாது. ஒரு பக்கம் 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சிகள், இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வந்துசேர்வது பெரும்பாலும் குவார்ட்டர்பேக்கின் கைக்கு. அடுத்த மூன்று வினாடிக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும். யாருக்கு எறிவது, கையில் கொடுப்பதா, தானே ஓடுவதா? அந்த மூன்று வினாடியும் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள நான்கைந்து பேர் அவரைத் தரையில் சாய்க்க ஓடி வந்துகொண்டிருப்பார்கள். கிரிக்கெட்டில் ஒரே ஆள் கேப்டனாக, விக்கெட் கீப்பராக, முதல் மட்டையாளராக இருந்து, ஒவ்வொரு பந்துக்கும் அடி வாங்குவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கிட்டத்தட்ட அந்த இடம்.

இந்த ஆட்களை அணிகள் பெரும்பாலும் 'டிராஃப்ட்' வழியாக எடுக்கின்றன. கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுச் சடங்கு அது. போன வருடம் கடைசியாக வந்த அணிக்கு முதல் தேர்வு. அதாவது தோற்றவருக்கே முதல் உரிமை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு: வகுப்பிலேயே சிறந்த இளைஞன் போய்ச்சேர்வது லீகிலேயே மோசமான அணிக்கு.

*

பிரவுன்ஸ் எப்போதும் இப்படி இருந்த அணி இல்லை. 1946-இல் அது தொடங்கியபோது அதன் பயிற்சியாளர் பால் பிரவுன். அணிக்கே அவர் பெயர்தான். ஒரு விளையாட்டு அணியைப் பொறியியல் அலுவலகம் மாதிரி நடத்திய முதல் ஆள் என்று அவரைச் சொல்லலாம். வீரர்களை வகுப்பறையில் உட்காரவைத்துக் குறிப்பெடுக்கச் சொன்னார். ஆட்டப் படச்சுருள்களைப் போட்டுப் பார்த்து ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போட்டார். அறிவுத்திறன் சோதனை வைத்தார். குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் வானொலிக் கருவி வைத்துப் பேசிப் பார்த்தது 1956-இல். லீக் அதைத் தடை செய்து, பல பத்தாண்டுகள் கழித்து அதே யோசனையை விதியாக்கியது.

அவர் தேர்ந்தெடுத்த குவார்ட்டர்பேக் ஆட்டோ கிரஹாம். அதுவரை கிரஹாம் அந்த இடத்தில் ஆடியதே இல்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் அவர் ஆடியது வேறு அமைப்பில், வேறு இடத்தில். 1941-இல் பால் பிரவுன் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகப் பயிற்சியாளராக இருந்தபோது, அந்த சீசனில் அவருக்குக் கிடைத்த ஒரே தோல்வி கிரஹாமின் அணியிடம்தான். அந்த நாளை பிரவுன் மறக்கவில்லை. போர்க்காலத்தில் கடற்படையில் இருந்த கிரஹாமை முன்கூட்டியே ஒப்பந்தம் செய்தார். போர் முடியும்வரை மாதாமாதம் பணம் அனுப்பினார். வந்தபிறகு புதிய இடத்துக்கு அவரைப் பழக்கினார்.

கிரஹாம் ஆடியது 10 சீசன்கள். 10 சீசனிலும் அணி இறுதிப் போட்டிக்குப் போனது. 7 முறை கோப்பை. ஆடிய 10 சீசனிலும் இறுதிப் போட்டி என்ற அந்தக் கணக்கை இன்றுவரை வேறு எந்தக் குவார்ட்டர்பேக்கும் தொடவில்லை.

பிறகுதான் வாரிசுப் பிரச்சினை ஆரம்பிக்கிறது. 1954 டிராஃப்டில் முதல் தேர்வு கிளீவ்லாந்துக்குக் கிடைத்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பாபி காரெட்டை எடுத்தார்கள். நல்ல கை, நல்ல பெயர். ஆனால் காரெட்டுக்குத் திக்கிப் பேசும் இயல்பு இருந்தது. குவார்ட்டர்பேக் என்பவர் ஒவ்வொரு முயற்சிக்கு முன்பும் சக வீரர்களை வட்டமாகக் கூட்டி, அடுத்த திட்டத்தை வேகமாகச் சொல்ல வேண்டியவர். பால் பிரவுனின் சோதனைகளும் படச்சுருள்களும் இந்த ஒரு விஷயத்தைக் காட்டித்தரவில்லை. கிளீவ்லாந்துக்காக ஓர் ஆட்டம்கூட ஆடாமலே அந்த ஆண்டே காரெட் கிரீன் பே அணிக்குப் போனார்.

1955-இல் கிரஹாம் ஓய்வில் இருந்தார். பயிற்சி ஆட்டங்களில் மாற்று ஆட்கள் தடுமாற, பிரவுன் அவரைத் திரும்ப அழைத்தார். அவரும் வந்து, இன்னொரு கோப்பையை வாங்கிக்கொடுத்துவிட்டுப் போனார். அதே ஆண்டு பிட்ஸ்பர்க் அணி ஓர் இளைஞனை வேண்டாமென்று அனுப்பியிருந்தது. அவன் கிளீவ்லாந்தில் வாய்ப்புக் கேட்டதாகவும், இந்த வருடம் இடமில்லை, அடுத்த வருடம் வா என்று பால் பிரவுன் சொன்னதாகவும் வரலாறு சொல்கிறது. அந்த அடுத்த வருடத்துக்குள் பால்டிமோர் அவனை அழைத்துக்கொண்டது. அவன் பெயர் ஜானி யுனைட்டஸ். 1958, 1959 இரண்டு வருடமும் பால்டிமோருக்குக் கோப்பை.

1957 டிராஃப்ட் இன்னும் வேடிக்கை. கிளீவ்லாந்துக்குக் குவார்ட்டர்பேக் தேவை. லென் டாசன் என்பவர்மேல் கண். அவரைத் தேர்ந்தெடுக்கும் வரிசை ஒரு நாணயச் சுண்டலில் முடிவானது. பிட்ஸ்பர்க் ஜெயித்து டாசனை எடுத்துக்கொண்டது. 'சரி, இருப்பதில் நல்லது' என்று கிளீவ்லாந்து எடுத்தது ஓர் ஓட்டக்காரரை. அவர் ஜிம் பிரவுன். ஆடிய 9 சீசனில் 8 சீசன் லீகிலேயே அதிக தூரம் ஓடியவர். அணியின் வரலாற்றில் மிகப் பெரிய வீரர் வந்தது குவார்ட்டர்பேக் தேடலில் தோற்றதால்தான்.

*

என்னைப் போன்ற மென்பொருள்காரர்கள் கொண்டாட வேண்டிய ஆள் அடுத்து வருகிறார். ஃபிராங்க் ரயன். லாஸ் ஏஞ்சலஸ் அணியில் நிரந்தர இடமில்லாமல் பெரும்பாலும் மாற்று ஆளாக இருந்து, 1962-இல் கிளீவ்லாந்துக்கு வந்தார். இங்கேயும் மாற்று ஆள்தான். சீசன் நடுவில் முதல் ஆட்டக்காரர் காயப்பட, இவர் உள்ளே போனார். அப்புறம் வெளியே வரவில்லை. 1964 டிசம்பர் 27 அன்று இறுதிப் போட்டி. எதிரே அதே பால்டிமோர், அதே யுனைட்டஸ். ரயன் மூன்று டச்டவுன் எறிந்தார். 27-0.

அடுத்த ஆண்டு ரைஸ் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். ஆடிக்கொண்டிருக்கும்போதே கிளீவ்லாந்தில் கல்லூரி மாணவர்களுக்குக் கணிதமும் சொல்லிக்கொடுத்தார். ஆட்டத்தை விட்டபின் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் கணினிப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். சபையின் முதல் மின்னணு வாக்குப்பதிவு முறை 1973-இல் நடைமுறைக்கு வந்தது அவர் பொறுப்பில்தான். ஒரு மனிதனுக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்பது அவனை மூன்றாம் வரிசையில் உட்காரவைத்தவர்களுக்குத் தெரிவதில்லை.

1964-க்குப் பிறகு கிளீவ்லாந்து கோப்பையைத் தொடவே இல்லை. சூப்பர் பௌல் எனப்படும் இறுதிப் போட்டிக்கு இன்றுவரை ஒருமுறைகூடப் போனதில்லை.

1970-இல் ஓர் அவசரம். டிராஃப்டில் மூன்றாவது தேர்வைப் பெறுவதற்காக, அணியின் மிகச் சிறந்த பந்து பிடிப்பாளரான பால் வார்ஃபீல்டை மயாமி அணிக்குக் கொடுத்தார்கள். அதை வைத்து மைக் ஃபிப்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். வார்ஃபீல்ட் மயாமியில் இரண்டு சூப்பர் பௌல் ஜெயித்தார். அதில் ஒன்று 1972-இல் ஓர் ஆட்டம்கூடத் தோற்காத சீசன். ஃபிப்ஸ் கிளீவ்லாந்தில் எறிந்த டச்டவுன்களைவிட எதிரணி கையில் கொடுத்த பந்துகள் அதிகம்.

1972-இல் அதே அணி 13-ஆவது சுற்றில், 330-ஆவது ஆளாக, பிரையன் சைப் என்பவரை எடுத்தது. இன்றைய டிராஃப்டில் அத்தனை இடங்களே கிடையாது. இரண்டு வருடம் அவருக்கு ஆட்டமே கிடைக்கவில்லை. பயிற்சியில் மட்டும் பந்து எறிந்தார். 1980-இல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருது அந்த சைப்புக்கு.

1985-இல் வந்தவர் பெர்னி கோசார். அவரை அணி தேடிப் போகவில்லை, அவர்தான் அணியைத் தேடி வந்தார். ஒஹையோ மாநிலத்துப் பையன். கிளீவ்லாந்துக்குத்தான் ஆடுவேன் என்று முடிவெடுத்து, கல்லூரிப் படிப்பைச் சீக்கிரமே முடித்து, வழக்கமான டிராஃப்டைத் தவிர்த்து, விதிகளின் இடுக்கு வழியாகத் துணை டிராஃப்டில் வந்துசேர்ந்தார். அந்த ஐந்து ஆண்டுகளில் சூப்பர் பௌலுக்கு ஓர் ஆட்டம் முன்புவரை மூன்று முறை போனார்கள். மூன்று முறையும் டென்வர் அணியிடம் தோல்வி. 1993-இல் பயிற்சியாளர் பில் பெலிச்சிக் கோசாரை சீசன் நடுவிலேயே அணியிலிருந்து நீக்கினார். நகரம் அழுதது.

இதுவரை உள்ள கணக்கைப் பாருங்கள். கிரஹாம், ரயன், சைப், கோசார் என்று உருப்படியாக அமைந்தவர்கள் நான்கு பேர். ஒருவரும் டிராஃப்டின் முதல் தேர்வில் வந்தவரில்லை. அவர்களில் மூவருக்கு, ஒன்று அணி காத்திருந்தது, அல்லது அவர்களே காத்திருந்தார்கள்.

*

1995 சீசனோடு உரிமையாளர் ஆர்ட் மோடல் அணியைப் பால்டிமோருக்குக் கொண்டுபோனார். பெயரும் நிறமும் பழைய சாதனைகளும் மட்டும் ஓர் உடன்படிக்கையால் கிளீவ்லாந்திலேயே தங்கின. 1999-இல் புது அணி வந்தது. வந்த கையோடு டிராஃப்டின் முதல் தேர்வு. அதில் வந்தவர்தான் டிம் கவுச், அந்த ஜன்னல் சட்டையின் முதல் பெயர்.

முதல் ஆட்டத்தில் பிட்ஸ்பர்க்கிடம் 43-0 என்று தோற்றார்கள். அந்த சீசனில் கவுச்சை எதிரணிகள் பந்தோடு தரையில் சாய்த்தது 56 முறை. அவருக்கு முன்னால் நின்று காக்க வேண்டிய வரிசையை, அவசரத்தில் திரட்டிய புது அணியால் கட்டவே முடிந்திருக்கவில்லை. 2002-இல் அணியை அடுத்த சுற்றுக்குத் தகுதி பெறவைத்த கவுச், அந்தக் கடைசி ஆட்டத்திலேயே கால் உடைந்து வெளியேறினார். ஐந்து சீசனில் எல்லாம் முடிந்தது.

நான் வேலை பார்க்கும் துறையில் நேர்காணல் என்பது ஒரு சடங்கு. ஒரு மணி நேரம் கொடுத்து, பலகையில் புதிர் போட்டு, ஆள் தேறுவாரா என்று பார்ப்போம். நேர்காணல் மேசையின் இந்தப் பக்கம் பலமுறை உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒருவர் இரண்டு வருடம் கழித்து நல்ல பொறியாளராக இருப்பாரா என்பதை அந்த ஒரு மணி நேரத்தைவிட அவர் போய்ச் சேரும் குழுதான் தீர்மானிக்கிறது. எழுதிய நிரலை யார் படித்துத் திருத்துகிறார்கள், முதல் தவறு நடக்கும்போது யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆனால் வேலை சரியாக நடக்காதபோது யாரும் 'குழு சரியில்லை' என்று எழுதுவதில்லை. 'தேர்வு சரியில்லை' என்றுதான் எழுதுகிறோம். டிம் கவுச்சுக்கும் லீகின் வரலாறு அதைத்தான் எழுதியது.

தேர்வின் துல்லியத்தை அளந்தவர்களும் இருக்கிறார்கள். பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலரும் கேட் மாஸேயும் சேர்ந்து டிராஃப்டை ஆராய்ந்தார்கள். ஓர் அணி எடுத்த வீரர், அதே இடத்துக்கு அடுத்ததாக எடுக்கப்பட்ட வீரரைவிடச் சிறப்பாக ஆடுவதற்கான வாய்ப்பு எவ்வளவு? 52 விழுக்காடு. நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம் மேல். உச்சியில் உள்ள தேர்வுகளுக்கு அணிகள் கொடுக்கும் விலை மிக மிக அதிகம் என்பது அவர்கள் முடிவு. 

கிளீவ்லாந்து அந்தச் சுண்டலில் தோற்றுக்கொண்டே இருந்தது. 2000 டிராஃப்டின் 183-ஆவது இடத்தில் ஸ்பெர்கன் வின் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். 16 இடம் தள்ளி, 199-இல் நியூ இங்கிலாந்து எடுத்த ஆள் டாம் பிரேடி. எடுத்த பயிற்சியாளர், கிளீவ்லாந்து துரத்திவிட்ட பெலிச்சிக். முதல் சுற்றின் 22-ஆவது தேர்வை மட்டும் மூன்று முறை குவார்ட்டர்பேக்குக்குச் செலவழித்தார்கள்: 2007-இல் பிரேடி குவின், 2012-இல் 28 வயதான பிராண்டன் வீடன், 2014-இல் ஜானி மன்செல். மூவரும் நிலைக்கவில்லை.

தேடப்பட்டவர்கள் மட்டுமா மாறினார்கள்? 1999-இலிருந்து 2020-க்குள் 10 தலைமைப் பயிற்சியாளர்கள், இடைக்கால ஆட்களைச் சேர்க்காமல். புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் தனி ஆட்டமுறை, தனி மொழி. முந்தையவர் தேர்ந்தெடுத்த பையன் அவருக்குப் பாரம். ஆகவே மறுபடி முதலிலிருந்து.

கிரீன் பே ஏன் வேறு என்பது இங்கேதான் புரிகிறது. அந்த அணிக்குத் தனி முதலாளி கிடையாது. ஊர்க்காரர்களும் ரசிகர்களும் பங்கு வைத்திருக்கும் அமைப்பு. 2005-இல் ராட்ஜர்ஸை எடுத்தபோது ஃபாவ் நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தார். ராட்ஜர்ஸ் மூன்று வருடம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 2020-இல் ஜோர்டன் லவ்வை எடுத்தபோது ராட்ஜர்ஸ் இருந்தார். லவ்வும் மூன்று வருடம் உட்கார்ந்தார். வீடு எரிவதற்கு முன்பே கிணறு வெட்டியவர்கள் அவர்கள்.

*

2016-இல் கிளீவ்லாந்து வேறு வழியில் போய்ப் பார்த்தது. பேஸ்பாலில் புள்ளியியலால் பெயர்பெற்ற பால் டிபொடெஸ்டாவைக் கொண்டுவந்தார்கள். முன்வரிசைத் தேர்வுகளை விற்று நிறைய பின்தேர்வுகள் வாங்கினார்கள். தேலரின் ஆய்வுப்படி சரியான கணக்கு. ஆனால் அணி முதல் வருடம் 1-15, அடுத்த வருடம் 0-16. 2018 ஜனவரிக் குளிரில் ரசிகர்கள் மைதானத்தைச் சுற்றி 'பரிபூரண சீசன்' ஊர்வலம் நடத்தினார்கள். ஓர் ஆட்டமும் ஜெயிக்காத பரிபூரணம்.

அந்தத் தோல்வியின் பரிசாக, 2018-இல் முதல் தேர்வில் பேக்கர் மேஃபீல்ட் வந்தார். செப்டம்பர் 20 அன்று நடு ஆட்டத்தில் இறங்கி, 19 ஆட்டங்களாக ஜெயிக்காத அணியை ஜெயிக்கவைத்தார். 2021 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கை 48-37 என்று சாய்த்தார். 26 ஆண்டுகளில் அணியின் முதல் பிளேஆஃப் வெற்றி. கிடைத்துவிட்டார் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அடுத்த சீசனில் மேஃபீல்ட் தோள்பட்டைக் காயத்தோடு ஆடினார், ஆட்டம் மங்கியது. அணியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

2022 மார்ச். ஹூஸ்டன் அணியின் டெஷான் வாட்சனுக்காக மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளையும் கூடுதலாகச் சிலவற்றையும் கிளீவ்லாந்து கொடுத்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம், 23 கோடி டாலர், முழுத்தொகைக்கும் உத்தரவாதம். லீக் அதுவரை காணாத உத்தரவாதம் அது. இத்தனைக்கும் 2017-இல் வாட்சன் எடுக்கப்பட்ட 12-ஆவது தேர்வு முதலில் கிளீவ்லாந்துடையதுதான். அதை ஹூஸ்டனுக்கு விற்றிருந்தார்கள்.

பணம் இங்கே சின்ன விஷயம். அந்த நேரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள், மசாஜ் அமர்வுகளில் வாட்சன் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதாகச் சிவில் வழக்குத் தொடுத்திருந்தார்கள். அவர் மறுத்தார். டெக்சஸில் இரண்டு கிராண்ட் ஜூரிகள் அவர்மீது குற்றவியல் வழக்குப் பதியவில்லை. பெரும்பாலான வழக்குகள் சமரசத்தில் முடிந்தன. லீக் அவரை 11 ஆட்டங்களுக்கு விலக்கி, 50 லட்சம் டாலர் அபராதம் போட்டது. ஒப்பந்தத்தில் முதல் ஆண்டின் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் கிட்டத்தட்ட 10 லட்சம் டாலராகக் குறைத்து வைத்திருந்தார்கள். விலக்கப்படும் காலத்துக்குப் பறிபோகும் சம்பளம் குறைவாக இருக்கும்.

பிரவுன்ஸின் தேடலில் என்னைத் தூங்கவிடாத வரி அந்த ஒப்பந்த வரிதான். மற்ற தவறுகளைக் கணிப்புத் தவறு என்று சொல்லிவிடலாம். காரெட்டின் பேச்சு, யுனைட்டஸின் கடிகாரம், பிரேடியின் 199 எல்லாம் முன்கூட்டித் தெரியாதவை. இதில் எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்து, அதற்கு ஏற்றபடி ஒரு கணக்கும் போட்டிருந்தார்கள். கால் நூற்றாண்டு தேடிக் களைத்த ஒருவருக்கு முதலில் போவது பொறுமை, அடுத்து போவது நிதானம். கடைசியாக, எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்ற கூச்சம். அந்தப் பெண்களில் பலர் மசாஜ் தொழிலைப் பிழைப்பாகக் கொண்டவர்கள். தேடலின் பேரேட்டில் அவர்களுக்கு வரி இல்லை.

முதல் மூன்று சீசனில் வாட்சன் ஆடியது 19 ஆட்டங்கள். மேஃபீல்ட் இரண்டு அணி மாறி, டாம்பா பேயில் மறுபடி எழுந்தார். 2023-இல் வாட்சன் காயப்பட்டபோது கிளீவ்லாந்து அழைத்தது ஜோ ஃபிளாக்கோவை: வயது 38, எந்த அணியும் கூப்பிடாமல் வீட்டில் இருந்தவர். வந்து தொடர்ந்து நான்கு ஆட்டங்கள் ஜெயித்து அணியை பிளேஆஃபுக்குக் கூட்டிப்போனார். அங்கே அவர்களைத் தோற்கடித்தது ஹூஸ்டன்.

2025-இல் பயிற்சி முகாமில் நான்கு பேர் போட்டியிட்டார்கள். சீசனைத் தொடங்கிய ஃபிளாக்கோவை அக்டோபரில் சின்சினாட்டி அணிக்குக் கொடுத்தார்கள். கிளீவ்லாந்து துரத்தியபின் பால் பிரவுன் 1968-இல் தொடங்கிய அணி அது. புதுமுகம் டிலன் கேப்ரியலுக்குக் காயம் பட்டபோது, ஐந்தாம் சுற்றில் 144-ஆவது ஆளாக எடுக்கப்பட்ட ஷெடூர் சாண்டர்ஸ் உள்ளே வந்தார். முதல் சுற்றிலேயே போவார் என்று பேசப்பட்டு, மூன்று நாள் காத்திருந்த பையன். நவம்பர் 23 அன்று தொடக்க ஆட்டக்காரராகத் தன் முதல் ஆட்டத்தில் லாஸ் வேகஸை 24-10 என்று ஜெயித்தார்.

அன்று இரவே கேள்வி கிளம்பிவிட்டது: இவர்தானா அவர்? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதற்கான பதில் சாண்டர்ஸின் கையில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி, அவருக்கு முன்னால் நிற்கப்போகும் ஐந்து காவலர்களிடமும், அவர் முதல்முறை சொதப்பும்போது பயிற்சியாளர் நாற்காலியில் யார் இருக்கிறார் என்பதிலும் இருக்கிறது. கிளீவ்லாந்து இத்தனை வருடம் தேடாமல் விட்டது அந்த மீதியைத்தான்.